உப்புத் தண்ணீர் படக்கூடாத பாய்மரப் படகு: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்களிடம் படகு வாங்கிய வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 03.03.2025

பொருள்: 12 அடி பாய்மரப் படகின் பழுதான உதிரிகளை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த நவம்பரில் உங்கள் இணையக் கடையில் 12 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை முழுப்பணமும் கட்டி வாங்கினேன். "கடலோரக் குறும்பயணத்துக்கு ஏற்றது, பிரித்ததும் பாய் ஏற்றலாம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். ஜனவரி இரண்டாம் வாரம் படகு வந்தது. அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி உவரிக்குக் கொண்டுபோனதுதான் இதுவரை அது போன தூரம். கடலில் கால் கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் ஆட்கள் போனில் எனக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பிலேயே பேசினார்கள். ஐடிஐயில் பிட்டர் பிரிவில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். அம்மாவுக்கு ஊர் உவரி. பள்ளிக்கூட லீவு நாட்களில் மாமாவோடு கட்டுமரத்தில் போய்ப் பாய் பிடித்திருக்கிறேன். எண்பதுகளில் அவுட்போர்டு எஞ்சின் வந்தபிறகு அந்தப் பாய்களெல்லாம் வீட்டுப் பரணுக்குப் போய்விட்டன. ஓய்வுக்குப் பிறகு மறுபடி பாய் ஏற்றிப் பார்க்கலாமே என்ற ஆசைதான் உங்களிடம் கொண்டுவந்து விட்டது.

பெரிய பயணம் ஒன்றும் திட்டமிடவில்லை. உவரியிலிருந்து கரையைப் பார்த்தபடியே பெரியதாழை வரை ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், திரும்பி வந்தால் இருபது. விடிகாலைக் கரைக்காற்றில் கிளம்பி, மத்தியானம் கடல்காற்று பலப்படுவதற்குள் வந்துவிட வேண்டும். பிப்ரவரியில் வாடையின், அதாவது வடகிழக்குக் காற்றின், மிச்சம் இருக்கும். அதனால் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. முதல் ஓட்டத்தை அப்படித்தான் வைக்கவேண்டும் என்பது மாமா சொன்ன பாடம். களைத்துப்போன நேரத்தில் காற்று நம்மை வீட்டுக்குத் தள்ள வேண்டும். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பைப் பத்து நாளாகத் தினமும் பார்த்து வந்தேன். ஒக்கிப் புயலுக்கு அப்புறம் அதைப் பார்க்காமல் கடலில் இறங்க எனக்கு மனம் வராது. கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை வீட்டில் காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டினேன். இத்தனை மணிக்குக் கரை சேராவிட்டால் யாருக்குச் சொல்லவேண்டும் என்பதைக்கூட மனைவியிடம் சொல்லி வைத்தேன். என் பக்கத்து வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன் என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை. கப்பல் மாதா கோயில் பக்கம் மணலில் படகை நிறுத்தி, பாய்மரத்தை நட்டு, அதை முன்னாலிருந்து பிடித்து நிறுத்தும் இழுகம்பியை டர்ன்பக்கிளில் (கம்பியை இறுக்கும் திருகில்) முறுக்கிக்கொண்டிருந்தேன். சாவி போட்டுக்கூட இல்லை, ஒரு ஸ்குரூடிரைவரைக் குறுக்கே கொடுத்து முக்கால் சுற்றுதான். 'டொக்' என்று ஒரு சத்தம். டர்ன்பக்கிளின் ஸ்குரூ மரையோடு துண்டாகி, அலுமினிய மரம் பின்னால் சாய்ந்து, நிழலில் வைத்திருந்த என் சாப்பாட்டுத் தூக்கின் மேல் விழுந்தது. தூக்கு நசுங்கிப்போனது. பக்கத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்த மாமா மகன் எழுந்து வந்து, முறிந்த துண்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன அத்தான், இரும்பா, மரவள்ளிக் கிழங்கா?" என்று கேட்டான்.

அந்தத் துண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளியே பளபளவென்றுதான் இருக்கிறது. முறிந்த வாயைப் பார்த்தால் பாதிக்குமேல் காப்பிப் பொடி நிறம், மீதி மட்டும் புது வெள்ளை. அதாவது பாதி ஏற்கனவே அரித்துப்போய்விட்டது, மிச்சப் பாதியில்தான் மரம் நின்றிருக்கிறது. மரைக்குள் உப்புத் தண்ணீர் தேங்கி, உள்ளே காற்றுப் படாமல் போகும் இடுக்கில் எவர்சில்வரை இப்படித்தான் தின்னும். உங்கள் பட்டியலில் எல்லா இணைப்புகளும் 316 ரக எவர்சில்வர் என்று இருக்கிறது. 316 என்றால் அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்க வேண்டும். கடல் உப்பைத் தாங்க அதுதான் உதவி. சாதாரண 304 ரகத்தில் அது சேர்ப்பதில்லை. 316 என்றால் அரிக்கவே அரிக்காது என்று நான் சொல்லவில்லை. நாலு வாரத்தில் பாதி போகாது என்றுதான் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒருவர் வால்வு பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் கொடுத்து மாலிப்டினம் சோதிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தோம். நிறம் மாறவேண்டும், மாறவில்லை. கம்பிகளை மாட்டும் ஷாக்கிள் வளையங்களிலும் அதே கதை. "காந்தம் வைத்துப் பாருங்க சார், ஒட்டலன்னா ஒரிஜினல்" என்று உங்கள் சேவைப் பிரிவில் ஒருவர் யோசனை சொன்னார். 304, 316 இரண்டிலுமே காந்தம் சாதாரணமாக ஒட்டாது. முதல் வருட மாணவன்கூட இதைச் சொல்லுவான்.

பெரியதாழைக்கு எதிர்க்காற்றில் இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் போகும்போது முன்பாயின் இழுப்பு முழுவதும் அந்தக் கம்பியில்தான் வரும். மணலில் முறிந்தது பாதி வழியில் முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே போன் செய்தேன். மூன்று பேரிடம் மாற்றிவிட்டார்கள். மூன்றாவதாகப் பேசிய பெண் மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், சால்ட் வாட்டர் யூசேஜ் வாரண்டில கவர் ஆகாது சார்." உத்தரவாத அட்டையை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது: நன்னீரில் பயன்படுத்தினால் மட்டுமே உத்தரவாதம். ஐயா, மணிமுத்தாறு அணையில் ஓட்டவா இந்தப் படகை வாங்கினேன்? முன்பக்கம் 'கடலோரப் பயணம்' என்று போட்டுவிட்டுப் பின்பக்கம் 'உப்புத் தண்ணீர் படக்கூடாது' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பணம் கட்டும் பக்கத்தில் இந்த வரி எங்கேயும் இல்லை. அந்தப் பக்கத்தை அன்றே படமெடுத்து வைத்திருக்கிறேன்.

மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மரம் விழுவதற்கு முந்தின வாரம் கழுத்தளவு தண்ணீரில் படகைக் கவிழ்த்து நிமிர்த்திப் பார்த்தேன் (கரையில் நின்ற பையன்களுக்கு நல்ல பொழுதுபோக்கு). காற்று அடைத்து மூடியிருக்க வேண்டிய பக்கவாட்டுத் தொட்டியிலிருந்து ஒன்றரைக் குடம் தண்ணீர் வடிந்தது. மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. அப்புறம் லைஃப் ஜாக்கெட். ஆளை மிதக்க வைக்கும் விசை பட்டியலில் 100 நியூட்டன், வந்ததில் 50 என்று ஒட்டியிருக்கிறது. 50 என்பது நன்றாக நீந்தத் தெரிந்து, கைக்கெட்டும் தூரத்தில் உதவி இருப்பவருக்கு. மயங்கி விழுந்தவனை முகம் மேலே வரும்படி அது திருப்பாது. நங்கூரத்துக்கு வைத்திருந்த கயிறோ தண்ணீரில் மிதக்கிறது. கயிறே மிதந்தால் நங்கூரம் எங்கே தரையைக் கவ்வும்? அதை நானே பேட்டையில் நைலான் கயிறு வாங்கி மாற்றிக்கொண்டேன். அதற்குப் பணம் கேட்கவில்லை.

பாயைக் குறை சொல்லமாட்டேன். தையல் அருமை, வெட்டும் சரியாக இருக்கிறது. தைத்தவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நான் கேட்பது இதுதான். இழுகம்பிகள், டர்ன்பக்கிள்கள், ஷாக்கிள்கள் எல்லாவற்றையும் உண்மையான 316-இல், உருக்காலைச் சோதனைச் சான்றோடு மாற்றித் தாருங்கள். லைஃப் ஜாக்கெட் இரண்டும் சொன்னபடி 100 நியூட்டனில், என் 82 கிலோ உடம்புக்குச் சேருகிற அளவில் வேண்டும். தொட்டி மூடியை உங்கள் ஆள் உவரிக்கு வந்து சரிசெய்ய வேண்டும். முடியாது என்றால் உங்கள் செலவில் படகை எடுத்துக்கொண்டு முழுப்பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். உத்தரவாத அட்டையின் அந்த வரி எனக்குப் பொருந்தாது என்பதை இரண்டில் எது செய்தாலும் எழுத்தில் தர வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புதல் தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பிப்ரவரி 9-ஆம் தேதி போனுக்கும் 11-ஆம் தேதி மின்னஞ்சலுக்கும் ஒப்புதல் வரவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அதற்காக உங்கள் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை, நீங்கள்தான் திருநெல்வேலிக்கு வரவேண்டியிருக்கும்.

மார்ச் கடைசிக்குள் உதிரிகள் வந்தால் இந்தப் பருவத்திலேயே ஒருமுறை போய்வந்துவிடுவேன். அதற்குமேல் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பிவிடும், பிறகு தை மாசம்தான்.

முறிந்த டர்ன்பக்கிளின் படங்கள் நான்கை இத்துடன் வைத்திருக்கிறேன். அசலை அனுப்பமாட்டேன். பார்க்க வேண்டுமானால் உங்கள் பொறியாளர் வரட்டும். எண்ணெய்த் துணியில் சுற்றி, நசுங்கிய தூக்குக்குள்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்