பயாப்ஸி செய்தால் கட்டி பரவாது, செந்தில்

அன்புள்ள செந்தில்,

உன் தாடைக் கட்டியில் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்குக் குறித்துக் கொடுத்த தேதியில் நீ மலையை விட்டு இறங்கவே இல்லை என்று சித்தி சொன்னார். கத்தி பட்டால் கட்டி பரவிவிடும் என்று நாகலூரில் யாரோ சொன்னார்களாம். போனிலேயே உன்னோடு பேசியிருக்கலாம்தான். ஆனால் இதே பேச்சை ஏற்காட்டில் இருந்து வருகிறவர்களிடமும் சேலத்துக்காரர்களிடமும் ஓயாமல் கேட்கிறேன். அதனால் உன் பெயரை மட்டும் மாற்றி, எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நான் நோயாளியின் வாயைப் பார்க்கிறவள் இல்லை, உனக்கே தெரியும். வாயிலிருந்து எடுத்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பெயர் சொல்வதுதான் என் வேலை. அந்தப் பெயர் தெரியாமல் உன் தாடையில் யாரும் கை வைக்கக்கூடாது, இதை அடித்துச் சொல்கிறேன்.

உன் கதையைப் பார். வலது கீழ்த்தாடையில் கடைவாய்ப் பக்கம் மெல்ல மெல்ல வீங்கியது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பல் லேசாக நகர்ந்திருக்கிறது. முதலில் காட்டிய இடத்தில் சீழ் என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், குறையவில்லை என்றதும் வேறு மாத்திரை கொடுத்தார்கள், எக்ஸ்ரே எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு. வலிக்காமல் வளருகிற தாடை வீக்கத்துக்கு முதலில் வேண்டியது ஓபிஜி, அதாவது தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டுகிற எக்ஸ்ரே. அது எடுத்த பிறகுதான் எலும்புக்குள் சோப்பு நுரை மாதிரி அறை அறையாகக் கருப்பு தெரிந்தது.

அதைப் பார்த்ததும் அமெலோபிளாஸ்டோமா என்று சந்தேகம் வருவது நியாயம். வயது, இடம், படம் மூன்றும் அதற்குப் பொருந்துகின்றன. பல் உருவானபோது மிச்சம் நின்ற செல்களில் இருந்து வருகிற கட்டி அது, புற்றுநோய் கிடையாது. ஆனால் கெராட்டோசிஸ்ட், மிக்சோமா, ஜெயன்ட் செல் கட்டி என்று தாடையில் வருகிற வேறு சிலவும் எக்ஸ்ரேயில் இதே மாதிரி வேஷம் போடும், வைத்தியமோ கட்டிக்குக் கட்டி வேறுபடும். அமெலோபிளாஸ்டோமா என்றால் சுற்றியுள்ள நல்ல எலும்பிலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும், பெரிதாக இருந்தால் கால் எலும்பை எடுத்துத் தாடை கட்டுவார்கள். சின்னப் பெண்களுக்கு மேல்தாடைக் கோரைப்பல் பக்கம் அதிகம் வருகிற அடினோமட்டாய்டு கட்டி இருக்கிறதே, அதைத் தோண்டி எடுத்தாலே போதும், திரும்ப வருவது மிக அபூர்வம். ஜெயன்ட் செல் என்று ஸ்லைடில் தெரிந்தால் உடனே ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கச் சொல்வோம். சில சமயம் கோளாறு அந்த ஹார்மோனைச் சுரக்கிற கழுத்துச் சுரப்பியில் இருக்கும், அதைச் சரிசெய்தால் தாடை பெரும்பாலும் தானே ஆறிவிடும். பெயர் தெரியாமல் அறுத்திருந்தால்?

சரி, பரவுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ப்பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. அமெலோபிளாஸ்டோமாவைச் சுரண்டி மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினால் சில வருஷம் கழித்துத் திரும்ப வருகிற வாய்ப்பு மிக அதிகம். அது எலும்பின் நுண்ணிய இடுக்குகளுக்குள் எக்ஸ்ரே காட்டுகிற எல்லையைத் தாண்டிப் போயிருக்கும், சுரண்டினால் அங்கே இருப்பது அப்படியே தங்கிவிடும். பார்க்கிறவர்கள் கத்தி பட்டதால் வந்தது என்கிறார்கள், உண்மையில் மிச்சம் விட்டதால் வந்தது. பயாப்ஸிக்கு ஒரு சின்னத் துண்டு எடுப்பதால் இந்தக் கட்டி உடம்பில் பரவாது.

அன்று என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். மரத்துப்போக ஊசி போடுவார்கள். அப்புறம் வேறொரு ஊசியால் உள்ளே உறிஞ்சிப் பார்ப்பார்கள். வைக்கோல் நிறத்தில் நீர் வந்தால் நீர்க்கட்டியாக இருக்கலாம், கெட்டியாக வெள்ளையாக வந்தால் கெராட்டோசிஸ்ட் நினைவுக்கு வரும், ரத்தம் பீறிட்டால் அதோடு நிறுத்திவிட்டு ரத்தக்குழாய்க் கட்டியா என்று ஸ்கேன் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால்தான் துண்டு எடுப்பார்கள். எலும்பு கலந்திருந்தால் அமிலத்தில் ஊறவைத்து மிருதுவாக்கியே சீவ முடியும், அதற்கே பல நாள் ஆகும். ரிப்போர்ட் தாமதமானால் உடனே கெட்ட செய்தி என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

அமெலோபிளாஸ்டோமா ஸ்லைடில் ஓரத்துச் செல்கள் உயரமாக வரிசைகட்டி நிற்கும், உட்கரு அடிப்பக்கத்தை விட்டு மறுபக்கம் ஒதுங்கியிருக்கும். 1970ல் விக்கர்ஸும் கோர்லினும் எழுதிவைத்த அடையாளம் இது, இன்றும் நான் முதலில் தேடுவது இதைத்தான். 2014ல் இந்தக் கட்டிகள் பலவற்றில் பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதையும் கண்டுபிடித்தார்கள், அதைக் குறிவைக்கும் மாத்திரை சிலருக்குக் கட்டியைச் சுருக்கியிருக்கிறது. ஆனால் வழக்கமான வைத்தியம் இன்றும் அறுவைதான்.

எக்ஸ்ரே இல்லாமல் துண்டு மட்டும் வந்தால் எங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி. எலும்பு கலந்த சில கட்டிகள் ஸ்லைடில் ஒன்றுபோலவே இருக்கும், ஓரம் தெளிவாக வெட்டினாற்போல இருக்கிறதா, சுற்றியுள்ள எலும்போடு கலந்து போகிறதா என்று படத்தைப் பார்த்துத்தான் பிரிப்போம். அதனால் ஓபிஜி படத்தை மறக்காமல் எடுத்து வா.

காப்பிப் பழம் பறிக்கிற சமயம், இப்போது வர முடியாது என்று சித்தியிடம் சொன்னாயாம். மெதுவாக வளருகிற கட்டிதான், ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது. ஆனால் பறிப்பு முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளினால் ஒவ்வொரு மாதமும் எடுக்க வேண்டிய எலும்பின் அளவு கூடலாம். செலவை நினைத்துத் தயங்கினால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்து வா, எது அதில் வரும் என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்வோம். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடி, சேலம் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். சித்தியையும் கூட்டி வா, அவருக்கும் கேட்க நிறையக் கேள்வி இருக்கிறது.

அன்புடன்,
உன் அக்கா