தூரிகையை மறைக்காதவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பரோக் கால (பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய) ஓவியர்கள் தங்களையே வரைந்துகொண்ட படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிளெமிஷ் ஓவியர் ரூபென்ஸ் 1623இல் தீட்டிய தன்னோவியத்தில் அகன்ற கருந்தொப்பி இருக்கிறது, தூரிகை இல்லை. கைத்தொழில்காரர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாதே என்ற கவலைதான் காரணம் என்று கட்டுரையாளர் சொன்னது சரி. ஆனால் அக்காலத்து ஓவியர்கள் எல்லோருமே அப்படித்தான் என்று முடித்துவிட்டாரே, அதற்குத்தான் என் மனம் ஒப்பவில்லை. யூடித் லெய்ஸ்டர் எங்கே போனார்?

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்துப் பெண் ஓவியர் அவர். ஏறக்குறைய 1630இல், இருபதைத் தாண்டிய வயதில் அவர் வரைந்த தன்னோவியம் இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. தோளை மூடும் விறைப்பான வெள்ளைக் கழுத்துப்பட்டை, செந்நிறப் பட்டுக் கைகள், மணிக்கட்டில் லேஸ். பள்ளியில் ஓவியம் சொல்லித்தரும் நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு ஒரு நாளும் வண்ணத்தைத் தொட்டதில்லை, பட்டால் போகாது. அவரும் இந்த உடையில் வேலை செய்திருக்க மாட்டார். ஆனால் இடது கையைப் பாருங்கள்: வண்ணத்தட்டு, துடைக்கும் துணி, கொத்தாகத் தூரிகைகள். வலது கைத் தூரிகை, பின்னால் திரையில் அவர் வரைந்துகொண்டிருக்கும் பிடில்காரனின் வில்லைப் போலவே சாய்ந்திருக்கிறது. வேலை நடுவில் யாரோ கூப்பிட, திரும்பிப் பேசத் தொடங்கியதுபோல் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பகட்டும் உழைப்பும் ஒரே படத்தில்! அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது, பிடில்காரனின் இடத்தில் முதலில் ஒரு பெண்முகம் இருந்தது தெரிந்தது. அதை அழித்துவிட்டு, தனக்குக் கைவந்த கலகலப்பான உருவத்தை அங்கே வைத்திருக்கிறார்.

1633இல் ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானவர் அவர். 1660இல் இறந்த பிறகு அவருடைய படங்கள் அதே ஊரின் புகழ்பெற்ற ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸ் முதலானவர்களின் பெயரில் போயின. இந்தத் தன்னோவியமும் பல காலம் ஹால்ஸ் வரைந்ததாகத்தான் கருதப்பட்டது. லெய்ஸ்டர் என்றால் வழிகாட்டும் விண்மீன். தன் முதலெழுத்துகளோடு ஒரு சின்ன விண்மீனையும் சேர்த்துக் கையெழுத்திடுவார். 1893இல் ஹோஃப்ஸ்டெட டெ குரூட் என்ற அறிஞர், ஹால்ஸ் படம் என்று விற்கப்பட்ட ஒன்றில் அந்த விண்மீனைக் கண்டுபிடித்த பிறகுதான் லெய்ஸ்டரின் பெயர் மீண்டது.

அடுத்த இதழில் இந்தப் படத்தை அரைப் பக்கமாவது, வண்ணத்தில், அவர் பெயரோடு வெளியிடுங்கள். என் மாணவிகளுக்கு வெட்டி ஒட்டிக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியை