எம்-புக்கில் (பணி அளவுப் புத்தகத்தில்) கையெழுத்திடும் முன் மணலைச் சலியுங்கள்

வேலூர் மாவட்டத்தில் ஊராட்சிக் கட்டடப் பணிகளை மேற்பார்வையிடும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். பாலாற்றங்கரை அங்கன்வாடியின் கூரையை நீங்களே வந்து பார்த்தீர்கள். கட்டி எட்டு வருஷம் ஆகவில்லை. அடிப்பூச்சோடு, கம்பியை மூடியிருந்த கவர் கான்கிரீட்டும் பெயர்ந்து விழுந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சோறு தின்கிறார்கள். மழைதான் காரணம் என்கிறீர்கள். மழை எல்லாக் கூரைமேலும்தானே பெய்கிறது? இடிந்த துண்டைக் கையில் எடுத்து நசுக்கிப் பாருங்கள், மாவாக உதிர்கிறது. அது மணலின் குற்றம்.

பாலாற்று மணல் கிடைக்காமல் போனதிலிருந்து சலித்த சவுடும் ஓடைமண்ணும் ஆற்றுமணல் என்ற பெயரிலும், கல் உடைக்கும் ஆலையின் தூளான கிரஷர் டஸ்ட், எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்ற பெயரிலும் லோடு லோடாக இறங்குகின்றன. பொடிமணலை நனைக்கத் தண்ணீர் அதிகம் வேண்டும். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 27.5 லிட்டர் ஊற்றினால் சிமெண்டுக்குத் தண்ணீர் விகிதம் 0.55. கலவை இறுகுகிறதே என்று இன்னும் 7 லிட்டர் ஊற்றினால் 0.69 ஆகிவிடும். மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை. பனி உறையும் நாட்டில் துளைக்குள் புகுந்த நீர் உறைந்து 9 சதவீதம் உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். நமக்கு உறைபனி இல்லை. ஆனால் அதே துளை வழியே ஈரமும் காற்றும் 20 மில்லிமீட்டர் கவரைத் தாண்டிக் கம்பியைத் தொட்டுவிடும். துரு பருத்துக் கூரையை உடைக்கும்.

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு லோடையும் இறங்கிய இடத்திலேயே சலித்துப் பாருங்கள். குவியலின் மேல்மண்ணை மட்டும் அள்ளாமல் எட்டுப் பத்து இடத்தில் எடுத்துக் கலந்து, அரைக்கிலோவை வாணலியில் வறுத்து, 600 மைக்ரான் சல்லடையில் போடுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அது நான்காம் மண்டல மணல், அதாவது மிகப் பொடியான வகை. கலவையைச் சோதித்துப் பாராமல் அதைக் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது மணல், ஜல்லிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383. எம் சாண்ட் என்றால் 75 மைக்ரான் சல்லடையில் கழுவியும் பாருங்கள். கழுவிப் போகும் தூள் 15 சதவீதத்தைத் தாண்டினால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

சித்திரை வெயிலில் ஸ்லாப் போட்டுவிட்டு மறுநாளோடு தண்ணீர் விடுவதை நிறுத்துவதையும் யாரும் கேட்பதில்லை. பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்டுக்குப் பத்து நாளாவது பாத்தி கட்டி நீர் நிற்க வேண்டும். இதெல்லாம் நீங்கள் படித்துத் தேர்வெழுதிய பாடம்தான். தெரிந்தும் கையெழுத்திடுவதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடிந்ததற்குப் பதிலாகக் கட்டப்போகும் கூரைக்கு முதல் லோடு இறங்கும் நாளில் சல்லடையோடு வாருங்கள். சலித்த அளவை வேலைப் பலகையில் எழுதி வையுங்கள். அதன்பிறகு கையெழுத்திடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேலூர் வட்டார மேஸ்திரிகளும் கட்டடப் பொறியாளர்களும்