எண்ணெய் வயலில் வேலை செய்வோர் நலச் சங்கம், மார்த்தாண்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், லீவில் ஊருக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வர முடியாதவர்களுக்காக வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமார், மனைவிமார், பிள்ளைகளுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இந்த ஆண்டு நம் பேச்செல்லாம் வேலையைப் பற்றித்தான். 2024 ஜனவரியில் சவூதி அரசு, எண்ணெய் எடுக்கும் திறனை நாளொன்றுக்கு 1.3 கோடி பீப்பாயாக உயர்த்த வேண்டாம், 1.2 கோடியே போதும் என்று தன் எண்ணெய் நிறுவனமான அராம்கோவிடம் சொன்னது. அதன் பிறகு கடலில் பல ஜாக்-அப் ரிக்குகள், அதாவது கடலடியில் கால் ஊன்றி நின்று கிணறு துளைக்கும் மேடைகள், நிறுத்தி வைக்கப்பட்டன. ரிக் நின்றால் ரிக் கம்பெனிக்காரர் மட்டும் வீட்டுக்கு வருவதில்லை. கிணறு ஒருவருடையது, ரிக் இன்னொருவருடையது. மட் என்கிற துளையிடும் சேற்றுக்குழம்பைக் கலப்பது, சிமெண்ட் இறக்குவது, வயர்லைன் விடுவது (கம்பியில் கருவியை இறக்கிக் கிணற்றுக்குள் அளப்பது) எல்லாம் சர்வீஸ் கம்பெனி வேலை. அந்தக் கம்பெனிக்கு ஆள் கொடுப்பவர் வேறொரு ஒப்பந்தக்காரர். கருங்கல்லிலிருந்தும் குளச்சலிலிருந்தும் போகிற நம் பையன்களில் பலர் அந்தக் கடைசிப் படியில்தான் நிற்கிறார்கள். சட்டையில் ஒரு கம்பெனி பெயர், சம்பளச் சீட்டில் இன்னொரு பெயர். அடி விழும்போது முதலில் அவர்கள் மேல்தான் விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. 2015-ல் தொடங்கிய இக்டிவா திட்டத்தின்படி, அராம்கோ வாங்கும் பொருளிலும் சேவையிலும் 70 சதவீத மதிப்பு அந்த நாட்டுக்குள்ளேயே உருவாக வேண்டும். அதனால் சர்வீஸ் கம்பெனிகள் சவூதி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து எடுக்கின்றன. இதில் எனக்கு வருத்தமில்லை. நம் மண்ணில் எண்ணெய் கிடைத்தால் நாமும் அதைத்தான் கேட்போம். ஆனால், 'ஹெல்பராகப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம்' என்ற காலம் முடிகிறது என்பதை வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

தொழில்நுட்பமும் அதே பக்கம்தான் போகிறது. 1927 செப்டம்பர் 5 அன்று பிரான்சின் பெஷல்பிரான் வயலில், ஷ்லம்பர்ஜர் சகோதரர்களின் ஆட்கள் கிணற்றுக்குள் மின்கம்பியை இறக்கி, இடையிடையே நிறுத்தி, பாறையின் மின்தடையை அளந்து, கையாலேயே புள்ளி வைத்துக் கோடு வரைந்தார்கள். வயர்லைன் தொழிலின் பிறப்பு அதுதான். இப்போது துளைபோடும்போதே அளவு எடுக்கிறார்கள். கிணற்றுக்குள் ஓடும் மட் குழம்பில் அழுத்தத் துடிப்புகளை உண்டாக்கி, அதன் வழியாகவே தகவல் மேலே வருகிறது. எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள். ரிக்கில் ஆள் குறைகிறது, அந்த அளவுக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவன் நிலைக்கிறான். அதனால்தான் ஓய்வுபெற்ற நம் வயர்லைன் அண்ணன் ஞாயிறுதோறும் லாக், அதாவது கிணற்றில் எடுத்த அளவுகளின் கோட்டுப்படம், படிக்கக் கற்றுத் தருகிறார். வந்து கற்றுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரக்கூடிய ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு அழுகிய முட்டை மாதிரி நாறும் என்று எல்லோருக்கும் தெரியும். அளவு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பதைப் பலர் அன்றுதான் கேட்டார்கள். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைப்பவன்தான் விழுகிறான். முகமூடி மாட்டிப் பார்த்தபோது ஒரு தம்பிக்கு ஓரத்தில் காற்று கசிந்துகொண்டே இருந்தது. வாரை எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை. காரணம் அவனுடைய தாடி. ரப்பர் தோலோடு ஒட்டினால்தான் முகமூடி காப்பாற்றும். மறு ஞாயிறு மழுங்கச் சிரைத்துக்கொண்டு வந்து, திரும்ப மாட்டிக் காட்டினான். இந்த ஆண்டு எனக்கு மிகவும் மனம் நிறைந்த நாள் அதுதான்.

அப்புறம், ஒரு தாயார் துணிப்பைக்குள் நான்காக மடித்த ஒப்பந்தத்தோடு வந்தார். ஏஜென்ட் வாய்ச்சொல்லில் ரிக் வேலை, தாளில் கிளீனர் வேலை. பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். இவர் கொடுத்ததோ அதற்கு மேல். பையனின் பயணத்தை நிறுத்தினோம். பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பியது. மீதிக்கு இன்னும் அலைகிறோம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான அரசுக் காப்பீடான பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் காப்பீடு. அந்தத் தாளும் கையில் இருக்கட்டும்.

குமரிக் கடலுக்குத் தெற்கே எண்ணெய், எரிவாயு தேட இடம் ஒதுக்கியதை எதிர்த்து மீனவச் சகோதரர்கள் போராடுகிறார்கள். நம் உறுப்பினர்களில் பாதிப்பேர் கடற்கரை வீட்டுப் பிள்ளைகள், குமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பாங்க் என்ற மீன்வளத் திட்டின் மீனில் வளர்ந்தவர்கள். நம்மிடம் வந்து கேட்டவர்களுக்கு, நில அதிர்வு ஆய்வு எப்படி நடக்கும், துளையிடும்போது வெளிவரும் கல்தூளும் மட் குழம்பும் எங்கே போகும், கசிவு எப்படி வரும் என்று தெரிந்ததை மறைக்காமல் சொன்னோம். நமக்குச் சோறு போட்ட தொழில் என்பதற்காக எதையும் குறைத்துச் சொல்லவில்லை. மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்காமல் ஒரு துளையும் போடக்கூடாது என்பது செயற்குழுவின் முடிவு.

இனி வெளிநாடு போகும் எவரும் டிக்கெட் எடுக்கும் முன் ஒப்பந்தத்தின் நகலைச் சங்கத்தில் காட்டிப் படித்துக்கொள்ள வேண்டும் என்ற தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். அடுத்த ஞாயிறு காலை முதலே படித்துச் சொல்ல இரண்டு பேர் இருப்பார்கள். பாஸ்போர்ட் நகலும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்