தாத்தா பாட்டிங்களுக்கு பகல்ல உக்கார ஒரு ரூம், கை கொடுங்க

தாராவி சொந்தங்களுக்கு வணக்கம். நம்ம சால் (வரிசை வீடுங்க) கமிட்டி சார்பா எழுதறேன். வழக்கமா பொங்கலுக்கும் கணபதிக்கும் தான் ரசீது புக்க தூக்கிட்டு வருவோம், இந்த தடவ வேற விஷயம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

போன மழைக்காலத்துல நம்ம சந்து பாட்டி ஒருத்தங்க ரெண்டு நாளா குழாயடிக்கு வரல. போய் பாத்தா கை ரெண்டும் கன்னிப்போயி கெடக்கு. சரினு போலீஸ் சௌக்கிக்கு கூட்டிட்டு போனோம், மகனும் கூடவே ஒட்டிக்கிட்டான். பாட்டி பம்பாய்க்கு வந்து நாப்பது வருஷம் ஆனாலும் தமிழ் தவிர ஒரு பாஷை தெரியாது, ஹவால்தாருக்கு தமிழ் தெரியாது, அதனால மகனே இந்தியில எடுத்து சொன்னான். அடிச்சவனே மொழிபெயர்ப்பாளர், எப்படி இருக்கு பாருங்க! கீழ விழுந்துட்டாங்களாம் சாஹேப்னான், அவரும் வயசாயிடுச்சுல்ல, தடுமாறத்தான் செய்வாங்கன்னு அனுப்பிட்டார். வெக்கத்த விட்டு சொல்றேன், நாங்களும் தலைய ஆட்டிட்டு தான் வந்தோம்.

அந்த 'வயசாயிடுச்சுல்ல' தான் எனக்கு இன்னும் உறுத்துது. காயம் பட்டா வயசு, சாப்பிடலன்னா வயசு, அழுதா வயசு. அவங்களே கூட வீடு போ போங்குது காடு வா வாங்குதுன்னு சொல்லிட்டு வாய மூடிக்கறாங்க. 60 தாண்டினவங்கள்ல ஆறுல ஒருத்தர் ஒரே வருஷத்துல ஏதோ ஒரு கொடுமைய அனுபவிக்கறாங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. கொடுமைன்னா அடி மட்டும் இல்லீங்க, பென்ஷன் கார்ட புடுங்கி வெச்சுக்கறது, மாத்திரை வாங்கி தராதது, வாரக்கணக்கா ஒரு வார்த்தை பேசாம இருக்கறது எல்லாமே தான்.

அதுலயும் எல்லா பெருசும் ஒண்ணு இல்ல. ரயில்வேல ரிட்டயர் ஆன தாத்தாவுக்கு மாசா மாசம் பென்ஷன் வருது, குரல் ஏறும். கைநாட்டு வெக்கற விதவை பாட்டிக்கு எது ஏறும்? காது கேக்காத தாத்தா யார்கிட்ட போய் சொல்லுவாரு? பின்னாடி லைன்ல ஒரு திருநங்கை அம்மா இருக்காங்க, எழுபத தொட்டாச்சு, அவங்கள அம்மானு கூப்பிட்டு வளந்த பொண்ணுங்க இருக்காங்க, ஆனா பெத்தவங்கள பிள்ளைங்க பாத்துக்கணும்னு சொல்ற 2007 முதியோர் சட்டத்துல பிள்ளைங்கன்னா மகன், மகள், பேரன், பேத்தின்னு தான் எழுதியிருக்கு.

அந்த சட்டத்துல நல்லதும் இருக்கு. சொத்த எழுதிக் கொடுக்கறப்பவே 'என்ன பாத்துக்கணும்'னு ஒரு வரி சேத்துட்டா, பின்னால பாக்காம விட்டா அந்த எழுத்தையே ரத்து பண்ண சொல்லி ட்ரிப்யூனல்ல, அதான் இந்த சட்டத்து புகார விசாரிக்கற இடத்துல, கேக்கலாம். தாராவிய இடிச்சு புதுசா கட்டறதுக்கான சர்வே வந்ததுலருந்து ரூம் பேப்பருக்கு மவுசு கூடி, சில வீட்ல கைநாட்டு வைனு நெருக்கறாங்க, அதனால தான் இத இங்க சொல்றேன். 14567னு முதியோர் ஹெல்ப்லைனும் இருக்கு, காலை 8 லருந்து ராத்திரி 8 வரைக்கும், காசு கிடையாது. ஆனா வீட்டு போன் மருமக கையில இருக்கறப்ப எங்க போய் அடிக்கறது?

அதுக்குத்தான் இந்த ரூம். பகல்ல வந்து உக்காரலாம், சாயா குடிக்கலாம், ஒரு போன் இருக்கும், மராத்தியும் இந்தியும் தமிழும் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி சம்பளத்துக்கு இருப்பா, மனு எழுதி சௌக்கிக்கும் ட்ரிப்யூனலுக்கும் கூடவே போவா. வீட்டு ஆளுங்க மொழிபெயர்க்க கூடாது, அதுல மட்டும் கமிட்டி கறாரா இருக்கு. சாதி, மதம், ஆணா பொண்ணா திருநங்கையா, எந்த ஊருன்னு வாசல்ல யாரும் கேக்க மாட்டோம். ராத்திரி அவசரத்துக்கு ரெண்டு கட்டில்.

பிள்ளைங்க எல்லாரும் வில்லனுங்கன்னு நான் சொல்லல. பத்துக்கு பத்து ரூம்ல ஆறு பேரு, படுத்த படுக்கையா ஒருத்தர், அந்த மருமக எத்தன நாளைக்கு தான் தாங்குவா? மத்தியானம் நாலு மணி நேரம் அவளுக்கும் மூச்சு விட கிடைக்கும்.

டெபாசிட் ஒரு லட்சம், வாடகை மாசம் 12,000, அந்த பொண்ணு சம்பளம் 15,000. இதுவரைக்கும் கையில 41,000 இருக்கு. நூறோ ஆயிரமோ, முடிஞ்சத கொடுங்க. பணம் இல்லன்னா ஃபேனு, கட்டிலு, சக்கர நாற்காலி, இல்ல வாரத்துல ரெண்டு மணி நேரம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கோயில் வாசல்ல மேசை போட்டு உக்காந்திருப்போம், பேரு போட வேணாம்னா போடாம ரசீது தருவோம், கணக்கு மாசா மாசம் போர்டுல ஒட்டுவோம். முதியோர் கொடுமை விழிப்புணர்வு நாள் ஜூன் 15, அன்னைக்கு கதவ திறக்கணும்னு பாக்கறோம். அந்த பாட்டி தான் முதல் ஆளா பேரு கொடுத்திருக்காங்க, சாயா நான் தான் போடுவேன்னு கண்டிஷனோட.