சுவருக்குள் ஒயர் தேடும் கருவி: பணத்தைத் திருப்பிக் கேட்டு நான்காவது கடிதம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: ஸ்டட் ஃபைண்டருக்குக் கொடுத்த 2,350 ரூபாயும் நஷ்ட ஈடும் கேட்டு

ஐயா,

வணக்கம். முன்பு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே மெசேஜ் வந்தது. நான் கருத்து சொல்லவில்லை, பணத்தைக் கேட்டேன்.

கருவியைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, செய்தவர்கள் நீங்கள். சுவருக்குள் மறைந்திருக்கும் சட்டத்தையும் (அதுதான் ஸ்டட்) கரண்ட் ஒயரையும் கூவிக் காட்டும் என்று விற்றீர்களே, அந்த மஞ்சள் மாடல்தான். இந்தப் பக்கம் யாரும் மரச்சட்டம் நிறுத்திச் சுவர் எழுப்புவதில்லை, செங்கல்லும் சிமெண்ட் பூச்சும்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி ஹாலை ஜிப்சம் போர்டு வைத்து இரண்டாகத் தடுத்திருக்கிறோம். உள்ளே இரண்டு அடிக்கு ஒன்றாக ஜி.ஐ. சேனல் என்கிற தகரச் சட்டம் நிற்கிறது. 43 இன்ச் டிவியை அந்தச் சேனலில் திருகினால்தான் தாங்கும். வெறும் போர்டில் மாட்டினால் டிவியோடு போர்டும் கீழே வரும். அதற்காகத்தான் வாங்கினேன்.

வாங்கிய அன்றே தொட்ட இடமெல்லாம் கூவியது. ஏழு ஓட்டை போட்டேன், ஏழும் வெறும் போர்டு. உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், "கேலிபிரேட் பண்ணீங்களா?" என்கிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லாத இடத்தில் வைத்துப் பட்டனை அழுத்த வேண்டுமாம். எந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் எனக்கு இந்தக் கருவி எதற்கு?

அப்புறம் இன்னொருவர் லைனில் வந்தார். அவரைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். "ஸ்டட்டே இல்லாத ஊர்ல ஸ்டட் ஃபைண்டர் எதுக்கு சார் வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், என் மருமகனும் கேட்டுக்கொண்டிருந்தார். ஹார்பரில் 31 வருடம் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டியவன் நான். வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் இப்படிச் சிரித்ததில்லை. ஊரில் இல்லாத பொருளைத் தேடும் கருவியை இந்த ஊரில் விற்பது யார்?

சர்வீஸ் சென்டர் கிண்டியில் என்றார்கள். மெட்ரோ பிடித்துப் போனேன். வாட்ச்மேன் மட்டும் இருந்தார், "அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு மாத்திட்டாங்க" என்றார். அங்கே போனால், "இந்த மாடல் நாங்க பாக்குறதில்ல." உங்கள் கடை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க முதலில் ஒரு கருவி செய்யுங்கள்.

கீழ் வீட்டுச் சுவரையும் சொல்ல வேண்டும். 2023 மிக்ஜாம் புயலில் தண்ணீர் நின்றதிலிருந்து ஓதம் போகவில்லை. அதில் வைத்தால் மூன்று அடி அகலத்துக்குக் கரண்ட் என்று காட்டுகிறது. ஈரச் சுவரில் அப்படித்தான் இருக்கும் என்று நாலாவது போனில் சொல்கிறீர்கள். கடலோர ஊரில் விற்கிற பெட்டியின் மேல் அதை அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

மாடிச் சமையலறையில் நடந்தது இதைவிட மோசம். ஷெல்ஃப் அடிப்பதற்கு முன் பத்திரத்துக்காக மெயினை ஆஃப் செய்துவிட்டுச் சுவர் முழுக்கத் தேய்த்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. ட்ரில் ஓட கரண்ட் வேண்டுமே என்று மெயினைப் போட்டு ஒரு இன்ச் இறக்கினேன். டப்பென்று பொறி பறந்து, கரண்டைத் தானே துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்தது. கரண்ட் ஓடும் ஒயரைத்தான் இது காட்டும் என்று உங்கள் ஆள் பிறகு சொல்கிறார். மெயினை ஆஃப் பண்ணாமல் சுவரில் வேலை செய் என்று எந்தப் பெரியவராவது சொல்லிக் கொடுத்திருக்கிறாரா? புத்தகத்தில் பன்னிரண்டு மொழி இருக்கிறது, தமிழ் இல்லை. எமன் வாசல் வரை போய்த் திரும்பினேன் ஐயா. அன்று ஞாயிறு, எலக்ட்ரீஷியன் இரவுதான் வந்தார். காலையில் காசிமேட்டில் வாங்கிய இரண்டு கிலோ வஞ்சிரம் பூனைக்குப் போனது.

கடைசியில் பக்கத்துத் தெரு மேஸ்திரி பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து வந்து போர்டின் மேல் நகர்த்தினார். சேனலில் அடித்த ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் அது ஒட்டிக்கொண்டது. பத்தே நிமிடம். டீ மட்டும் குடித்தார்.

தயவுசெய்து 2,350 ரூபாயும், மீன், பெயிண்ட், அலைச்சல், மன உளைச்சலுக்காக 50,000 ரூபாயும் பதினைந்து நாளில் அனுப்பிவையுங்கள். தங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை. பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்வேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 5 லட்சம் வரை அங்கே மனுக் கட்டணமே கிடையாது, விசாரித்துவிட்டேன். அந்தச் சிரித்தவரையும் அங்கே அழைத்து வாருங்கள்.

பில்லும் ஏழு ஓட்டைகளின் போட்டோவும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி என் காசில் வாங்கியது. கருவியைத் திருப்பி அனுப்பும்போது அதைக் கழற்றிக்கொள்வேன்.