கடைசி மணிக்குப் பிறகும் எங்களோடு இருந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

நம் மேல்நிலைப் பள்ளியின் மாணவர் மன்றங்கள் இந்தக் கல்வியாண்டுக்கான பணிகளை முடித்திருக்கும் இவ்வேளையில், அவற்றின் கூட்டுக்குழுச் செயலாளர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். ஆண்டு விழா மேடையில் எங்களுக்குக் கிடைத்த கைதட்டலில் பெரும்பங்கு மேடை ஏறாதவர்களுக்கு உரியது. நேரமின்மையால் அன்று பெயர்களை மட்டும் படித்து அமர்ந்துவிட்டோம். யார் என்ன செய்தார் என்று சொல்லாத நன்றி பாதி நன்றிதான் என்பதால், மீதியை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

தலைமையாசிரியர் அவர்களுக்கு முதல் நன்றி. மன்றக் கூட்டங்கள் எல்லாம் பள்ளி விட்ட பிறகே நடந்தவரை, பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டிய மாணவர்களும், தம்பி தங்கைகளை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டியவர்களும் எந்த மன்றத்திலும் சேர முடியாமல் இருந்தார்கள். இதை நாங்கள் எடுத்துச் சொன்னபோது, வாரத்தில் ஒரு நாள் கடைசிப் பாடவேளையை மன்றங்களுக்கென்றே அவர் ஒதுக்கித் தந்தார். அதற்காகக் கால அட்டவணையை முழுவதும் மாற்றி எழுதிய உதவித் தலைமையாசிரியருக்கும், தம் பாடவேளைகளை இடம் மாற்றிக்கொள்ள இசைந்த ஆசிரியர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இந்த ஆண்டு எங்களுக்குக் கிடைத்த உதவிகளில் இதுவே பெரிது என்று உறுதியாகச் சொல்வேன், ஏனெனில் பள்ளியின் மீது பற்று வேண்டும் என்று ஒருவரிடம் கேட்பதற்கு முன், அவர் பங்கேற்க ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

பொறுப்பாசிரியர்கள் எங்களுக்காகச் செலவிட்ட மாலைகளைவிட, முடிவுகளை எங்களிடமே விட்ட பெருந்தன்மையை நான் மேலாக மதிக்கிறேன். நிகழ்ச்சி நிரலை அவர்களே எழுதியிருந்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். நாங்கள் ஒருவரோடொருவர் வாதாடி எழுதி முடிக்கும்வரை, திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகளோடு பின்வரிசையில் அமர்ந்து, கேட்டபோது மட்டும் கருத்துச் சொன்னார்கள்.

விவாத மன்றத்துக்கு வார இறுதிகளில் வந்து பயிற்சி தந்த முன்னாள் மாணவர்களைத் தனியே குறிப்பிட வேண்டும். 1988 முதல் நடந்துவரும் உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் முறையை அவர்கள் எங்களுக்குப் பழக்கினார்கள். ஓர் அணிக்கு மூவர், ஒவ்வொருவருக்கும் 8 நிமிடம், அதில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் நீங்கலாக எதிரணியினர் எழுந்து குறுக்கே கேள்வி எழுப்பலாம், முடிவில் 4 நிமிட மறுப்புரை என்று அமைந்த அந்த முறையில், மனப்பாடம் செய்த உரை வெகுநேரம் தாங்காது. எதிரே இருப்பவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டவருக்கே பதில் கிடைக்கும். ஒவ்வொரு தலைப்பிலும் இருதரப்புக்காகவும் எங்களைப் பேச வைத்த அவர்கள், தங்கள் தேர்வுகள் நெருங்கிய வாரங்களிலும் வருகையை நிறுத்தவில்லை.

சதுரங்க மன்றத்தின் போட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தோற்றவர் விலகும் முறையில் அதை நடத்தினால் முதல் சுற்று முடிந்ததுமே பாதிப் பேர் வெளியே நிற்பார்கள் என்று சுட்டிக்காட்டி, சுவிஸ் முறையைப் பரிந்துரைத்தவர் உடற்கல்வி ஆசிரியர். 1895-இல் சூரிச் நகரில் நடந்த போட்டியில் முதன்முதலாகக் கையாளப்பட்ட அம்முறையில் எவரும் நீக்கப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளிகளைப் பெற்றவர்கள் எதிரெதிரே அமர்கிறார்கள். 32 பேர் ஆடினால், சமநிலையில் முடியும் ஆட்டங்கள் இல்லாதவரை, ஐந்தே சுற்றுகளில் முதலிடம் தெளிவாகிவிடும். ஒருமுறை மோதியவர்கள் மறுபடியும் மோதக் கூடாது என்பதால் இணைகளை அமைப்பது எளிதன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அட்டைகளை மேசையில் பரப்பி, கணித ஆசிரியை அதைக் கையாலேயே பிழையின்றிச் செய்து தந்தார். தொடர்ந்து தோற்ற சிறுவர்களும் கடைசிச் சுற்றுவரை தம் பலகையின் முன் அமர்ந்து ஆடினார்கள். இது நம் பள்ளி என்ற உணர்வை அணிவகுப்புகளிலும் முழக்கங்களிலும் காண்பதைவிட அந்த அரங்கில் நான் தெளிவாகக் கண்டேன்.

வானியல் மன்றத்தின் இரவு நிகழ்ச்சிகள் இரவுக் காவலர் ஐயா இல்லாமல் நடந்திருக்க முடியாது. கண்கள் இருளுக்கு நன்கு பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். இடையில் ஒரு விளக்கு எரிந்தால் அத்தனை காத்திருப்பும் வீண். இதைக் கேட்டறிந்ததும், மைதான விளக்குகளை அணைத்துவிட்டு, தம் கைவிளக்கின் முகப்பில் சிவப்புத் தாளை ஒட்டிக்கொண்டு, சிறிய வகுப்பு மாணவர்களைப் படிக்கட்டில் ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். 1610-இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு பெரிய நிலவுகளையும் எங்கள் சிறிய தொலைநோக்கியில் நாங்கள் பார்த்து மகிழ்ந்தபோது, விளக்கில்லாத அந்த வளாகத்தின் பாதுகாப்பை ஒருவராகச் சுமந்தவர் அவர்.

கையெழுத்துப் பத்திரிகையின் ஒவ்வொரு பக்கத்தையும் மெய்ப்புப் பார்த்த நூலகருக்கும், பற்றுச்சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கணக்கு எழுதக் கற்றுத்தந்த அலுவலக எழுத்தருக்கும் எங்கள் நன்றி. காய்ந்த சருகுகளைக் கலந்து, அவ்வப்போது புரட்டிக் காற்றோட்டம் தந்தால் உரக்குழியில் நாற்றம் எழாது என்று சுற்றுச்சூழல் மன்றத்துக்குச் செய்தே காட்டிய தோட்டப் பணியாளருக்கும், நிகழ்ச்சி முடிந்த கூடங்களை மறுநாள் காலைக்குள் வகுப்பறைகளாக மாற்றித் தந்த தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி. எங்களை அழைத்துச் செல்ல வாயிலில் பொறுமையோடு காத்திருந்த பெற்றோரையும் இங்கே வணங்குகிறேன்.

பதவி எதுவும் இல்லாமல் நாற்காலி தூக்கியவர்கள், சுவரொட்டி எழுதியவர்கள், நேரம் குறித்தவர்கள் ஆகிய உறுப்பினர்கள் அனைவருக்கும் என் அன்பு. அடுத்த ஆண்டுப் பொறுப்பாளர்களை அவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டக் குறிப்பேடுகள், கணக்குப் புத்தகம், சதுரங்க அட்டைகள், தொலைநோக்கியின் பயன்பாட்டுக் குறிப்புகள் ஆகியவற்றை நூலகரிடம் ஒப்படைத்திருக்கிறோம். புதிய குழுவினர் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அவற்றைப் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
செயலாளர்,
மாணவர் மன்றங்களின் கூட்டுக்குழு